‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’: இடம் நிரப்ப எழுதின பாட்டு எப்படி இத்தனை காலம் நின்றது?

பழைய கேசட்:

கிடார் கையில் கிடைத்த எவரிடமாவது “ஏதாவது வாசியேன்” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த ‘டன் டன் டன், டன் டன் ட-டன்’தான் வரும். பாட்டு யாருடையது என்று தெரியாதவர்கள்கூட இதை முனகுவார்கள். இங்கிலாந்துக் குழுவான டீப் பர்ப்பிள் 1971 டிசம்பரில் பதிவு செய்தது. இத்தனை ராக் விவாத இழைகள் ஓடுகிற இந்த மன்றத்தில் இதற்கென்று ஒன்று இல்லையே என்று ஆரம்பிக்கிறேன்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் பாதி தப்பாகத் தெரிந்திருக்கும். தீப்பிடித்தது டீப் பர்ப்பிள் கச்சேரியில் இல்லை. பாட்டில் ‘ஸ்டோன்ஸ்’ என்று வருவதால் சிலர் நினைப்பது போல ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியிலும் இல்லை.

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் மான்ட்ரூ என்று ஒரு ஊர். அங்கே ஒரு கேசினோ. சூதாட்டத்தோடு உள்ளே பெரிய அரங்கமும் உண்டு; மான்ட்ரூ ஜாஸ் விழா அப்போது நடந்துகொண்டிருந்ததே அங்கேதான். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். மூடின பிறகு அந்தக் காலி அரங்கத்தில் மேடைக் கச்சேரி போலவே வாசித்து ஒரு ஆல்பத்தை முடித்துவிடலாம் என்பது பர்ப்பிளின் திட்டம். ரோலிங் ஸ்டோன்ஸுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லாரியை வாடகைக்குப் பேசி வரவழைத்தாயிற்று. மூடுவதற்கு முன் கடைசி நிகழ்ச்சி டிசம்பர் 4 அன்று, அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும். நம்ம ஆட்களும் பார்க்கப் போயிருந்தார்கள்.

கச்சேரி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் எவனோ ஃப்ளேர் துப்பாக்கியை எடுத்துக் கூரையைப் பார்த்துச் சுட்டான். கப்பலில் ஆபத்து என்று காட்ட வானத்தில் சுடுவார்களே, அது. கூரையில் பிரம்பு வேலைப்பாடு. கேட்க வேண்டுமா! ஜாப்பா மேடையிலிருந்தே பதறாமல் வெளியே போகச் சொன்னார். ஓர் உயிரும் போகவில்லை என்பதுதான் பெரிய விஷயம். கட்டடம் முழுக்கப் போயிற்று, ஜாப்பா குழுவின் வாத்தியங்களும் அதோடு போயின. எரிகிற கேசினோவிலிருந்து புகை ஏரித் தண்ணீர்மேல் படர்ந்ததைப் பர்ப்பிள் ஆட்கள் ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்தார்கள்.

சில நாள் கழித்து, தூக்கத்திலிருந்து விழிக்கும்போது ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ என்ற சொற்கள் பேஸ் வாசிக்கும் ரோஜர் குளோவரின் வாயில் வந்தன. பாடகர் இயன் கில்லனிடம் சொன்னார். போதைப்பொருள் பாட்டு மாதிரி இருக்கே என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். கடைசியில் ஆல்பத்துக்குச் சில நிமிஷம் குறைகிறது என்று தெரிந்தபோதுதான் ஞாபகம் வந்தது. வரிகள் இல்லாமல் சும்மா கிடந்த ஒரு வாத்தியப் பதிவை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதிப் பாடிவிட்டார்கள்.

அதாவது இது இடம் நிரப்ப வந்த பாட்டு. ஐம்பது வருஷம் தாண்டியும் ஏன் சாகவில்லை? சொல்லுங்கள்.

மூணாவது வரிசை:

எளிது, அதனால் சாகவில்லை. கிடார் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு எளிது. ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கிடார் மெட்டை, எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு செய்தி அறிக்கை. “நாங்கள் மான்ட்ரூவுக்கு வந்தோம், ஜாப்பா வாசித்தார், தீப்பிடித்தது, வேறு இடம் தேடினோம்.” இதற்குப் பெயர் பாடல் வரிகளா? அதே குழுவின் ‘சைல்ட் இன் டைம்’ எங்கே, இது எங்கே?

தந்திக்கம்பி:

எளிது என்று சொன்ன அண்ணாவுக்கு வணக்கம். கிடார் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. இந்த ரிஃபை வாசிக்கத் தெரியும் என்று வருகிற பையன்களில் சரியாக வாசிக்கிறவன் ஆடிக்கு ஒருத்தன், அமாவாசைக்கு ஒருத்தன்.

பெரும்பாலோர் செய்வது: பவர் கார்டு (ஆதார ஸ்வரமும் அதன் ஐந்தாம் ஸ்வரமும் சேர்ந்த பிடி) பிடித்து, பிக்கால் (தந்தியை மீட்டுகிற சின்னத் தகடு) கீழ்நோக்கி ‘ஜங் ஜங் ஜங்’ என்று அடிப்பது. அல்லது ஒரே தந்தியில் ஒற்றை ஒற்றை ஸ்வரமாக வாசிப்பது. குழுவின் கிடார்க்காரர் ரிட்சி பிளாக்மோர் வாசித்தது இரண்டுமே இல்லை. இரண்டு இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்தாற்போல வருகின்றன. அவற்றுக்கு இடையே உள்ள தூரம் நான்காம் இடைவெளி, பவர் கார்டில் வருகிற ஐந்தாம் இடைவெளி அல்ல. ஐந்தாவது, நான்காவது தந்திகளில் ஐந்தாம் ஃப்ரெட் (கிடார் கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி). அங்கிருந்து நான்காவது, மூன்றாவது தந்திகளுக்கு நகர்ந்து மூன்றாம் ஃப்ரெட், பிறகு ஐந்தாம் ஃப்ரெட். இரண்டாவது சுற்றில் ஆறாம் ஃப்ரெட்டைத் தொட்டுவிட்டு ஐந்துக்கு வருவார்.

முக்கியமானது வலது கை. பிக் கிடையாது. இரண்டு தந்திகளையும் விரல்களால் ஒரே நேரத்தில் சுண்டி விடுகிறார். பிக்கால் அடித்தால் எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒரு தந்தி முன்னால், இன்னொன்று ஒரு மயிரிழை பின்னால். விரலால் சுண்டும்போது இரண்டும் சேர்ந்து விழும். அந்தச் சத்தத்துக்கு ஒரு கட்டை வந்து இடிக்கிற குணம் உண்டு, பிக்கில் அது வராது. அப்புறம், ஒவ்வொரு ஸ்வரத்தையும் எப்போது அமுக்கி நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். நடுவில் உள்ள மௌனத்தில்தான் பாதி ரிஃப் இருக்கிறது. பையன்கள் அந்த மௌனத்தை எல்லாம் தின்றுவிடுவார்கள்.

ஸ்ருதிப்பெட்டி:

தந்திக்கம்பி சொன்ன ‘நான்காம் இடைவெளி’ விஷயத்தை நம் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். பாட்டின் ஆதார ஸ்ருதி ஜி (G). அதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் மேல் குரல் ‘ஸ க ம, ஸ க ம ம, ஸ க ம, க ஸ’. காந்தாரம் சாதாரணம். முதல் மத்யமம் சுத்தம். இரண்டாவது சுற்றில் பிரதி மத்யமத்தைத் தொட்டு உடனே சுத்த மத்யமத்துக்கு இறங்குகிறது. அந்த ஒரு இறக்கம்தான் முழு ரிஃபுக்கும் உப்பு. ப்ளூஸில் ஊறினவர்களுக்கு அது புதிதில்லை.

எனக்குப் பிடித்த இடம் அதுவல்ல. முதல் சத்தத்தில் ஸட்ஜத்துக்குக் கீழே கூடவே ஒலிப்பது மந்திரப் பஞ்சமம். ப-ஸ. தம்புரா வாசிக்கிறவர் விரலில் முதலில் வருகிற இரண்டு தந்திகள். ராக் என்றால் காதைப் பொத்திக்கொள்கிற என் பாட்டு டீச்சரே இதைக் கேட்டுவிட்டு “ஸ்ருதி சுத்தமா நிக்குதே” என்றார்.

மூணாவது வரிசை:

அடுத்து இது என்ன ராகம் என்று ஆரம்பித்துவிடாதீர்கள் அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸ்ருதிப்பெட்டி:

ஹமீர் கல்யாணியில் இரண்டு மத்யமமும் உண்டு என்று சொல்ல வந்தேன். சரி, விட்டுவிடுகிறேன். :)

எட்டாம் டிராக்:

ஒலிப்பதிவுத் துறையில் இருப்பவன் என்ற முறையில் என் பங்கு. அந்த ப-ஸ விஷயத்துக்கு ஒரு பௌதிகக் காரணமும் இருக்கிறது. நான்காம் இடைவெளியில் இரண்டு ஸ்வரங்களின் அதிர்வெண்கள் 3-க்கு 4 என்ற விகிதத்தில் இருக்கும். சுத்தமான சத்தத்தில் காதுக்கு இரண்டு மட்டும் கேட்கும். ஆம்பை (கிடார் ஒலிபெருக்கி) திருகி டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ஏற்றினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் ஒரு ஸ்வரமாக வந்து சேரும். 4-லிருந்து 3 போனால் 1. அந்த ‘1’ மேலே உள்ள ஜி-க்கு இரண்டு ஸ்தாயி கீழே இருக்கிற ஜி. அதாவது யாரும் வாசிக்காத அடித்தள ஸட்ஜத்தை ஆம்ப் தானே உண்டாக்கிக்கொடுக்கிறது. ஒரே கிடார் இவ்வளவு பருமனாகக் கேட்பதில் இதற்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. பலர் கிடார் என்று நினைத்துக் கேட்பதில் பாதி கிடார் இல்லை. முதல் சுற்றில்தான் பிளாக்மோர் தனியாக. பிறகு ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன் அதே ரிஃபில் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஹாமண்டை வழக்கமாக லெஸ்லி ஸ்பீக்கரில் விடுவார்கள், சத்தம் சுழன்று சுழன்று வரும். லார்ட் அதை மார்ஷல் கிடார் ஆம்பில் விட்டார். அதனால் ஆர்கன் கிடார் மாதிரி உறுமும். இயன் பெய்ஸின் ஹை-ஹாட் தாளத்தட்டு டிக்டிக்கென்று தொடங்குகிறது, டிரம்ஸ் சேர்கிறது, எல்லாருக்கும் கடைசியில் குளோவரின் பேஸ். ஒவ்வொரு ஆளாக வாசலில் நுழைகிற மாதிரி. ஐந்தாவதாகக் கில்லன் வாயைத் திறக்கும்போது கேட்கிறவன் ஏற்கெனவே தலையை ஆட்டிக்கொண்டிருப்பான்.

பதிவு நடந்த விதமும் கேட்கத் தக்கது. கேசினோ போனதும் மான்ட்ரூ ஜாஸ் விழாவை நடத்தின குளோட் நோப்ஸ் அவர்களை ஊருக்குள் பெவிலியன் என்ற அரங்கத்தில் குடியேற்றினார். இந்தப் பாட்டின் வாத்தியப் பகுதி அங்கேதான் பதிவானது. ராத்திரி நேரம். சத்தம் ஊரையே எழுப்ப, போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது. குழுவின் உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறார்கள், உள்ளே இவர்கள் நல்ல டேக் ஒன்று கிடைக்கிற வரைக்கும் வாசிக்கிறார்கள். கிடைத்தது. அத்தோடு பெவிலியனிலிருந்து மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

ரயிலடி:

கேசினோ எரிந்து ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 10, லண்டன் ரெயின்போ தியேட்டரில் ரசிகன் ஒருவன் மேடை ஏறி ஜாப்பாவைத் தள்ளிவிட்டான். கீழே இசைக்குழு உட்காரும் பள்ளத்தில் விழுந்து எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் சக்கர நாற்காலி. மனுஷனுக்கு அந்த டிசம்பரில் ஏழரை உச்சத்தில் இருந்திருக்கிறது.

பழைய கேசட்:

எட்டாம் டிராக் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், மூணாவது வரிசைக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

பெவிலியனுக்குப் பிறகு கிடைத்தது கிராண்ட் ஹோட்டல். சீசன் முடிந்து மூடிக் கிடந்த ஹோட்டல், உள்ளே விறைக்கிற குளிர். ஒரு நடைக்கூடத்தில் மெத்தைகளைத் தடுப்பாக நிறுத்தி, வெளியே நிற்கிற லாரிக்குக் கேபிள் இழுத்து, அங்கே மிச்ச ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறைகளுக்குள் புகுந்து, பால்கனி தாண்டி, குளிரில் வெளியேறி லாரிக்குப் போக வேண்டும். இரண்டு தடவை போய் வந்தவர்களுக்கு வெறுத்துவிட்டது. ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் நன்றாக இருக்கிறது என்றால் சரி, அடுத்த பாட்டு. ‘மெஷின் ஹெட்’ ஆல்பம் மொத்தமும் டிசம்பர் 6-லிருந்து 21-க்குள் முடிந்துவிட்டது. 1972 மார்ச்சில் வெளியீடு. இங்கிலாந்தில் முதலிடம்.

இப்போது வரிகளுக்கு வருவோம். செய்தி அறிக்கை என்றீர்கள். ஒத்துக்கொள்கிறேன், அதுதான் அதன் பலமே. அந்தக் காலத்து ராக் வரிகளை எடுத்துப் பாருங்கள்: சூனியக்காரி, மலை உச்சி, வெள்ளிக் குதிரை, அர்த்தம் கேட்டால் எழுதினவருக்கே தெரியாது. கில்லனும் குளோவரும் அதில் எதையும் தொடவில்லை. ஊர்ப் பெயர், கச்சேரி செய்தவர் பெயர், ஃப்ளேர் துப்பாக்கி, வெளியே நிற்கும் லாரி, ஹோட்டலில் சில பழைய கட்டில்கள். சுட்டவனை ‘ஏதோ ஒரு மடையன்’ என்று வைது ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்துவந்த ‘குளோட்’ என்று பாட்டில் வருகிறவர் நோப்ஸ்தான். கீழ்த்தளத்தில் போய் ஒளிந்துகொண்டால் தப்பிக்கலாம் என்று நினைத்த சின்னப் பையன்களை அவர்தான் தேடிப் பிடித்து வெளியேற்றினார். நடந்த சம்பவத்தில் நல்லவன் பெயரைப் போட்டு, கெட்டவன் பெயரை விட்டிருக்கிறார்கள். ஆல்பத்தையே நோப்ஸுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார்கள்.

நீங்கள் அதை அறிக்கை என்று படிக்கிறீர்கள். வில்லுப்பாட்டில், தெம்மாங்கில், கொலைச்சிந்தில் ஊரில் நடந்ததைப் பெயர் சொல்லிப் பாடினால் மட்டும் நமக்கு இனிக்கிறதே!

மூணாவது வரிசை:

கொலைச்சிந்து வரைக்கும் இழுத்துவிட்டீர்கள், சரி. ஆனாலும் ‘சைல்ட் இன் டைம்’ பற்றி யாரும் பேசவில்லை.

ரயிலடி:

பேசலாமே. ‘சைல்ட் இன் டைம்’ ஆரம்பத்தில் வருகிற ஆர்கன் மெட்டு எங்கிருந்து வந்தது? இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற சான் பிரான்சிஸ்கோ குழுவின் 1969 ஆல்பத்தில் ‘பாம்பே காலிங்’ என்று ஒரு வாத்தியப் பாட்டு. லார்ட் அதை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்துதான் பாட்டு பிறந்தது என்பதைக் கில்லனே ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, பதிலுக்குப் பர்ப்பிளின் ‘ரிங் தட் நெக்’ மெட்டை எடுத்துத் தங்கள் அடுத்த ஆல்பத்தில் போட்டுக்கொண்டார்கள். கணக்கு நேர்.

1995-இல் பர்ப்பிள் நிஜமாகவே பம்பாய் வந்து வாசித்தது. அந்தக் கச்சேரிப் பதிவு வெளியானபோது அதற்கு வைத்த பெயரும் ‘பாம்பே காலிங்’தான்.

புதுத்தந்தி:

அப்படியென்றால் ‘ஸ்மோக்’ ரிஃபும் எங்கிருந்தாவது எடுத்ததா? பீத்தோவனிடமிருந்து எடுத்தேன் என்று பிளாக்மோரே சொன்னதாகப் படித்தேன்.

தந்திக்கம்பி:

தம்பி, சொன்னது உண்மை. ஐந்தாம் சிம்பொனியின் ஆரம்பத்தைத் தலைகீழாகப் போட்டேன், பீத்தோவனுக்கு நிறையப் பணம் தரவேண்டியிருக்கிறது என்கிற பாணியில் ஒரு பேட்டியில் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் விளையாட்டா நிஜமா என்று சொல்ல முடியாது, அது அவர் சுபாவம். நான் கிடாரில் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மனசு வைத்தால் கேட்கும். மனசு வைக்காவிட்டால் கேட்காது.

அதைவிட வலுவான சந்தேகம் ஒன்று இருக்கிறது. பிரேசில் பாடகி ஆஸ்ட்ரூட் ஜில்பெர்டோ 1966-இல் பாடின ‘மரியா குவயட்’. கார்லோஸ் லைராவின் மெட்டு, கில் எவன்ஸின் வாத்திய அமைப்பு. ஆரம்பத்தைக் கேளுங்கள், தூக்கிவாரிப் போடும். ஒற்றுமை ஒன்று இருப்பது நிச்சயம். அதை வைத்துக் களவு என்று முடிவு கட்ட நான் தயாரில்லை. ப்ளூஸ் ஸ்கேலில் நாலு ஸ்வரம் வைத்துக்கொண்டு விளையாடினால் யாருக்கும் இந்த இடத்தில் கால் தடுக்கும்.

பழைய கேசட்:

களவோ வரவோ, ரிஃப் கையில் இருந்தும் அதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ருசியான பகுதி. ஆல்பத்திலிருந்து முதல் சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) எதைப் போட்டார்கள் தெரியுமா? ‘நெவர் பிஃபோர்’. இன்று அதை யார் முணுமுணுக்கிறார்கள்? இங்கிலாந்தில் 35-ஆம் இடத்தோடு நின்றுபோனது. வானொலிக்கு ஏற்ற பாட்டு என்று திட்டமிட்டுச் செய்தது அதுதான். ‘ஸ்மோக்’ அப்போது ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டாகச் சிவனே என்று கிடந்தது.

குளோட் நோப்ஸ் பிற்காலத்தில் பலமுறை சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. உனக்காகச் சும்மா ஒன்று செய்தோம், ஆல்பத்துக்கு இல்லை என்று சொல்லி அவருக்கு டேப்பைப் போட்டுக் காட்டினார்களாம். பைத்தியமா உங்களுக்கு, இது பெரிய ஹிட் ஆகும் என்றாராம் அவர். பாட்டில் பெயர் வருகிற ஆள் பாட்டைப் புகழ்வது ஆச்சரியமில்லை, ஆனால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

எட்டாம் டிராக்:

அதைக் கண்டுபிடித்தது கூட்டம்தான். மேடையில் வாசிக்க வாசிக்க ஜனங்கள் எதற்கு எழுந்து நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. 1972 ஆகஸ்டில் ஜப்பான் போனார்கள். ஒசாகாவில் இரண்டு நாள், டோக்கியோ புடோக்கானில் ஒரு நாள். ஜப்பான் கம்பெனி வற்புறுத்தியதால் பதிவு செய்த நேரடி ஆல்பம் ‘மேட் இன் ஜப்பான்’. வெளிநாட்டில் வெளியிடும் எண்ணமே குழுவுக்கு முதலில் இல்லை.

எளிது என்று சொல்கிற மூணாவது வரிசைக்கு இங்கே ஒரு செய்தி: மூன்று இரவுகளில் 15-ஆம் தேதி ஒசாகா இரவில் மட்டும்தான் பிளாக்மோர் ஆரம்ப ரிஃபை ஒழுங்காக வாசித்தார் என்பதால் அந்த இரவின் ‘ஸ்மோக்’ ஆல்பத்தில் போனது. செய்தவருக்கே மூன்றில் ஒன்றுதான் தேறியிருக்கிறது!

அமெரிக்காவில் 1973-இல் பாட்டைச் சுருக்கி சிங்கிளாக விட்டார்கள். ஒரு பக்கம் ஸ்டூடியோ பதிவின் வெட்டிய வடிவம், மறுபக்கம் ஜப்பான் மேடைப் பதிவு. ஐந்தரை நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற பாட்டை அன்றைய வானொலி தொடாது. சுருக்கினதும் தொட்டது. அமெரிக்கத் தரவரிசையான பில்போர்டில் 4-ஆம் இடம். ஆல்பம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ரயிலடி:

இதில் ஒரு கொடுமையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கிள் அமெரிக்காவில் மேலே ஏறிக்கொண்டிருந்த அதே கோடையில், 1973 ஜூன் 29, ஒசாகாவில் கடைசிக் கச்சேரி வாசித்துவிட்டு கில்லனும் குளோவரும் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். தலைப்பைக் கொடுத்தவரும் பாடினவரும் வெளியே, பாட்டு உச்சத்தில். பிளாக்மோருக்கும் கில்லனுக்கும் அப்போது முகம் கொடுத்துப் பேச்சில்லை. இரண்டு பேரும் 1984-இல் மறுபடி குழுவாகச் சேர்ந்தார்கள், மறுபடி முறைத்துக்கொண்டார்கள். அது தனி மகாபாரதம்.

மூணாவது வரிசை:

எல்லாவற்றையும் படித்தேன். ஒன்று சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் சொல்வது ரிஃப் பற்றி, பதிவு பற்றி, தீ பற்றி. பாட்டின் நடுப்பகுதி பற்றி ஒருத்தரும் பேசவில்லை, ஏனென்றால் பேச அங்கே ஒன்றும் இல்லை. பல்லவியில் ரிஃபை விட்டு விலகி இரண்டு கார்டு வருகிறது, திரும்ப ரிஃப். பிளாக்மோரின் சோலோ நன்றாக இருக்கிறது, ஆனால் ‘ஹைவே ஸ்டார்’ சோலோவோடு வைத்துப் பார்த்தால் இது பக்கத்து வீட்டுப் பையன். ஆல்பத்தில் ஏழு பாட்டு. தரத்தில் வரிசைப்படுத்தினால் இதற்கு நான் கொடுப்பது நாலாவது இடம். ‘ஹைவே ஸ்டார்’, ‘லேஸி’, ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ மூன்றும் இதற்கு மேலே.

தந்திக்கம்பி:

உங்கள் வரிசையோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ‘லேஸி’ எனக்கும் மேலேதான். ஆனால் ‘ஹைவே ஸ்டார்’ சோலோவை என் மாணவனால் இரண்டு வருஷத்துக்கு வாசிக்க முடியாது, கேட்டு வாயைப் பிளக்கத்தான் முடியும். இதை முதல் நாளே கையில் எடுத்துக்கொண்டு போகலாம், தப்பும் தவறுமாகவாவது. 2007-இல் அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கிடார்க்காரர்கள் உலக சாதனைக்காக ஒரே இடத்தில் கூடி சேர்ந்து வாசித்தார்கள். எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்? ‘லேஸி’யையா?

அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பவர் கார்டு பிடித்திருப்பார்கள் என்று நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

ஸ்ருதிப்பெட்டி:

எளிது என்பதால் மட்டும் நின்றது என்றால் ஸரளி வரிசையும் ஹிட் ஆகியிருக்க வேண்டும். எளிதாக இருக்கிறது, ஆனால் அந்த இரண்டாவது சுற்று மத்யமம் எதிர்பார்க்காத இடத்தில் வருகிறது. நூறாவது தடவை கேட்டாலும் அந்த இடத்துக்காகக் காது காத்திருக்கிறது.

பழைய கேசட்:

இன்னொரு விஷயம் விட்டுப்போச்சு. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பெரிய நிலநடுக்கம். நிவாரண நிதிக்காக இங்கிலாந்து ராக் ஆட்கள் ‘ராக் எய்ட் ஆர்மீனியா’ என்ற பெயரில் ஒரு பாட்டைச் சேர்ந்து பதிவு செய்தார்கள். எடுத்தது இதைத்தான். கில்லன், பிளாக்மோரோடு பிளாக் சாபத் டோனி அயோமி, பிங்க் ஃபிளாய்ட் டேவிட் கில்மர், குயீன் பிரையன் மே, அயர்ன் மெய்டன் புரூஸ் டிக்கின்சன் எல்லாரும் அதில் உண்டு. இத்தனை பெரிய தலைகள் ஒத்திகை பார்க்காமலே சேர்ந்து வாசிக்கக்கூடிய பாட்டு வேறு எத்தனை இருக்கும்? ஒருத்தருக்கும் நோட்டேஷன் கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

எரிந்த கேசினோவைத் திரும்பக் கட்டி 1975-இல் திறந்தார்கள். குளோட் நோப்ஸ் ஜாஸ் விழாவைக் கடைசிவரை நடத்தினார். பனிச்சறுக்கில் விழுந்து 2013 ஜனவரியில் இறந்தார். அதற்கு முந்தின ஜூலையில்தான் ஜான் லார்ட் போனார். மான்ட்ரூ ஏரிக்கரையில் ஃபிரெடி மெர்குரி சிலைக்குப் பக்கத்தில் இந்தப் பாட்டுக்கும் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ரிஃபின் ஸ்வரக் குறிப்பை உலோகத்தில் செய்து வைத்திருக்கிறார்கள்.

தந்திக்கம்பி:

அந்தக் குறிப்பில் நான்காம் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று யாராவது அந்தப் பக்கம் போனால் பார்த்துச் சொல்லுங்கள்.

புதுத்தந்தி:

எந்தப் பதிவை முதலில் கேட்பது? பிளேலிஸ்ட்டில் இருபது வடிவம் காட்டுகிறது.

எட்டாம் டிராக்:

முதலில் ‘மெஷின் ஹெட்’ ஸ்டூடியோ பதிவு, ஹெட்ஃபோனில், ஆர்கன் எங்கே நுழைகிறது என்று பார்த்துக்கொண்டே. அடுத்து ‘மேட் இன் ஜப்பான்’. அதில் கில்லன் பாடி முடித்த பிறகு பிளாக்மோரும் லார்டும் மாறி மாறிப் பேசிக்கொள்கிற இடம் ஸ்டூடியோ பதிவில் கிடையாது. 1973 சிங்கிள் வடிவம் வேண்டாம், வெட்டின இடம் தெரியும். மற்றவை பிறகு.

மூணாவது வரிசை:

கேட்டு முடித்ததும் அதே ஆல்பத்தில் முதல் பாட்டுக்குப் போ, தம்பி. ‘ஹைவே ஸ்டார்’ பிறந்தது பஸ்ஸில். போர்ட்ஸ்மத் கச்சேரிக்குப் போகிற வழியில், பாட்டு எப்படி எழுதுவீர்கள் என்று ஒரு நிருபர் கேட்க, இப்படித்தான் என்று பிளாக்மோர் கிடாரை எடுத்து ஒரே ஸ்வரத்தைத் தட்ட ஆரம்பித்தார், கில்லன் கூடவே வரிகளை இட்டுக்கட்டினார். அதற்கு ஒரு இழை போட யாருக்கும் தோன்றவில்லை.

பழைய கேசட்:

ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். முதல் பின்னூட்டம் உங்களுடையதாக இருக்க வேண்டும். சோலோவைப் பற்றி தந்திக்கம்பி எழுதட்டும்.